இணையத்தின் மொழி – 12: கடைசி எண்ணைச் சொன்ன பொத்தான்கள்

ஒரு வலைப்பக்கத்தில் ஐந்து பொத்தான்கள் இருக்கின்றன. முதல் பொத்தானை அழுத்தினால் 0, இரண்டாவதை அழுத்தினால் 1, இப்படி 4 வரை ஒவ்வொன்றும் தன் எண்ணைக் காட்ட வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் பழகும் எவரும் இதற்கு ஒரு லூப் எழுதுவார்கள். எண்ணிக்கைக்கு ஒரு மாறி வேண்டும். அதை ‘வார்’ போட்டு அறிவிப்பார்கள். 0 முதல் 4 வரை ஐந்து சுற்று. சுற்றுக்கு ஒரு பொத்தான், பொத்தானுக்கு ஒரு ஃபங்ஷன். அழுத்தும்போது அந்த மாறியின் மதிப்பைக் காட்டுவதைத் தவிர ஃபங்ஷனுக்கு வேறு வேலை இல்லை. நிரல் தடங்கல் இல்லாமல் ஓடும், பிழைச் செய்தி எதுவும் வராது. ஆனால் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் 5 என்றே வரும். 5 என்ற எண்ணுக்குரிய பொத்தான் அந்தப் பக்கத்திலேயே கிடையாது.

இணைய நிரலாக்கத்தில் இத்தனை பேரை இவ்வளவு காலம் தடுக்கி விழவைத்த இடங்கள் மிகக் குறைவு. வேலைக்கான நேர்முகத் தேர்வுகளில் இது வழக்கமான கேள்வியாகவே ஆகிவிட்டது. பதில் தெரியாதவரை, மொழியின் அடிப்படை புரியாதவர் என்று ஒதுக்குவதும் நடந்தது. இந்தப் பகுதியில் நான் சொல்ல வருவது அதற்கு நேர் எதிரானது. தடுக்கி விழுந்தவர்கள் மேல் குற்றம் இல்லை. குறை மொழியில் இருந்தது. அது எப்படி உள்ளே வந்தது, கண்ணுக்குத் தெரிந்த பிறகும் ஏன் அத்தனை ஆண்டுகள் நீடித்தது, கடைசியில் எப்படித் தீர்ந்தது என்பதைப் பார்ப்போம்.

முதலில், 5 ஏன் வருகிறது? லூப் ஓடும் நேரம் வேறு, பொத்தானை அழுத்தும் நேரம் வேறு. லூப் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். மாறி 0, 1, 2 என்று ஏறி 5 ஆனதும், ‘ஐந்தைவிடக் குறைவா’ என்ற நிபந்தனை பொய்யாகி லூப் நின்றுவிடும். மாறியும் 5லேயே நின்றுவிடும். பயனர் பொத்தானைத் தொடுவது இதெல்லாம் முடிந்த பிறகு. அப்போது ஓடும் ஃபங்ஷன், தான் உருவானபோது மாறியில் என்ன மதிப்பு இருந்தது என்பதைக் குறித்து வைத்திருக்கவில்லை. மாறியையே பிடித்துக்கொண்டிருக்கிறது. வங்கியில் ‘இப்போது நடக்கும் எண்’ என்று ஒரு பலகை இருக்கும். ஐந்து பேர் கையில் டோக்கன் வாங்காமல், என் எண் அந்தப் பலகையில்தான் இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தால், மாலையில் ஐவரும் ஒரே எண்ணைத்தான் படிப்பார்கள். ‘வார்’ போட்ட லூப்பில் பலகை ஒன்றே ஒன்று. டோக்கன் யாரிடமும் இல்லை.

தான் எழுதப்பட்ட இடத்தைச் சுற்றியிருந்த மாறிகளைத் தன்னோடு சேர்த்து வைத்திருக்கும் ஃபங்ஷனுக்குப் பெயர் க்ளோஷர். ஒரு மாறி நிரலின் எந்தப் பகுதிவரை செல்லுபடியாகும் என்பது அதன் வரையெல்லை. பிளஸ் டூவில் கணினி அறிவியல் படித்தவர்களுக்கு இந்த இரண்டாவது சொல் பழக்கமானதே. க்ளோஷரும் வரையெல்லையும் லூப்புக்குள் சந்திக்கும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. அதன் வேரைத் தேடிப் போனால், ஜாவாஸ்கிரிப்டுக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

1950களின் கடைசியில் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார். எண்ணையும் பட்டியலையும் கொடுப்பதுபோல ஒரு ஃபங்ஷனையே இன்னொரு ஃபங்ஷனிடம் கொடுக்கலாம் என்பது லிஸ்பின் பெரிய துணிச்சல். அதற்கான குறியீட்டை அலோன்சோ சர்ச் 1930களில் வகுத்த லாம்டா கணிதத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டார். அந்தக் குழுவில் இருந்த ஜேம்ஸ் ஸ்லேகிள் ஒரு நிரல் எழுதினார். விடை தவறாக வந்தது. உள்ளே அனுப்பிய ஃபங்ஷன், தான் எழுதப்பட்ட இடத்து மாறியைப் பார்க்காமல், தான் அழைக்கப்பட்ட இடத்தில் அதே பெயரில் இருந்த வேறொரு மாறியைப் பார்த்துவிட்டது. மெக்கார்த்தி இதைச் சாதாரண வழு என்றே நினைத்தார். லிஸ்பின் முதல் இன்டர்பிரட்டரை எழுதிய ஸ்டீவ் ரஸ்ஸல் சீக்கிரம் சரிசெய்துவிடுவார் என்று நம்பினார். ரஸ்ஸல் சரிசெய்யத்தான் செய்தார். ஆனால் அதற்கு அவர் புதிதாக ஒன்றையே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஃபங்ஷனை அனுப்பும்போது அது பிறந்த இடத்து மாறிகளையும் சேர்த்துக் கட்டி அனுப்பும் அந்த உபாயத்துக்கு ஃபன்ஆர்க் என்று பெயர். லிஸ்பின் வரலாற்றைப் பின்னாளில் எழுதியபோது, தான் இதைச் சிறிய வழுவாக எண்ணியதை மெக்கார்த்தி மறைக்காமல் பதிவுசெய்தார். எனக்கு அந்தப் பக்கங்கள் மிகவும் பிடிக்கும். மாறிக்கும் ஃபங்ஷனுக்குமான உறவு, அந்த மொழியைப் படைத்தவருக்கே முதலில் பிடிபடவில்லை. அதில் தடுமாறுவது அறியாமையின் அடையாளம் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அதே காலத்தில் அமெரிக்க, ஐரோப்பிய அறிஞர்கள் சேர்ந்து அல்கால் 60 மொழியை வடித்தார்கள். மெக்கார்த்தியும் அந்தக் குழுவில் ஒருவர். நிரலைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, ஒரு தொகுதிக்குள் அறிவித்த மாறி அந்தத் தொகுதியோடு முடிந்துவிடும் என்ற ஒழுங்கை அல்கால் நிலைநாட்டியது. பிறகு சி, ஜாவா என்று வந்த மொழிகளில் நெளிவு அடைப்புக்குறிக்குள் அறிவித்தது அதற்கு வெளியே செல்லாது என்று நாம் நம்புகிறோமே, அந்த நம்பிக்கையின் ஊற்று அல்கால்தான். 1964இல் பிரிட்டனைச் சேர்ந்த பீட்டர் லேண்டின், ஃபங்ஷனும் அதன் சூழலும் சேர்ந்த இணைக்கு க்ளோஷர் என்று பெயர் வைத்தார். 1975இல் எம்.ஐ.டி.யில் ஜெரால்ட் சஸ்மனும் கை ஸ்டீலும் ஸ்கீம் என்ற மொழியை உருவாக்கியபோது, லிஸ்பின் துணிச்சலும் அல்காலின் ஒழுங்கும் ஒரே மொழியில் சேர்ந்தன.

ஸ்கீம் பற்றி ஒரு நுட்பமான செய்தியை இங்கே சொல்லிவிட வேண்டும். அதில் ‘டூ’ என்றொரு லூப் உண்டு. அதன் தர ஆவணங்களின்படி, ஒவ்வொரு சுற்றுக்கும் எண்ணிக்கை மாறி புதிதாகப் பிறக்கிறது. பழைய மாறியின் மதிப்பு திருத்தப்படுவதில்லை. ஐந்து சுற்று என்றால் ஐந்து மாறிகள். அதாவது நம் பொத்தான் சிக்கலுக்கான விடை, வலை என்பதே இல்லாத காலத்தில் தெரிந்திருந்த விடை. அதை வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அடுத்து நடந்தது உறைக்கும்.

1995 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் இருந்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் வேலைக்குச் சேர்ந்தார். பிரவுசருக்குள் ஸ்கீமை வைக்கலாம் என்று சொல்லித்தான் அவரை அழைத்தார்கள். அவர் வந்து சேர்வதற்குள் நிலவரம் மாறிவிட்டது. சன் நிறுவனத்தின் ஜாவாவோடு நெட்ஸ்கேப் கைகோத்துக்கொண்டிருந்தது. ஆகவே புதிய மொழி பார்வைக்கு ஜாவாபோல இருக்க வேண்டும் என்று மேலிடம் நிபந்தனை போட்டது. மே மாதத்தில் பத்து நாட்களில் முதல் வடிவம் உருவான கதை இந்தத் தொடரின் வாசகர்களுக்குத் தெரியும். அந்தப் பத்து நாட்களில் எது வந்தது, எது விடுபட்டது என்பதே இன்றைக்கு முக்கியம். ஃபங்ஷனை மதிப்பாகக் கையாளும் எண்ணம் ஸ்கீமிலிருந்து வந்தது. நெளிவு அடைப்புக்குறிகளும் லூப்பின் தோற்றமும் ஜாவா வழியாகச் சி மொழியிலிருந்து வந்தன. அடைப்புக்குறிக்கு உயிர் தரும் தொகுதி வரையெல்லை மட்டும் வரவில்லை. ஒரு ஃபங்ஷனுக்குள் எந்த மூலையில் ‘வார்’ போட்டாலும், மொழி அந்த அறிவிப்பைத் தூக்கிக்கொண்டுபோய் ஃபங்ஷனின் தலையில் வைத்துவிடும். லூப்புக்குள் அறிவித்தாலும், ‘இஃப்’ கட்டளைக்குள் அறிவித்தாலும், ஃபங்ஷன் முழுவதற்கும் அந்தப் பெயரில் ஒரே மாறிதான். இது திட்டமிட்டுச் செய்ததல்ல, 1995இன் அவசர வேலையில் நேர்ந்த விளைவு என்று ஐக் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார்.

அப்போது யாருக்கும் வலிக்கவில்லை. 1996இல் வெளிவந்த நெட்ஸ்கேப்பின் பிரவுசரான நேவிகேட்டர் 2இல் ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷன் எழுதும் வசதியே கிடையாது. படிவத்தில் மின்னஞ்சல் முகவரி காலியாக இருக்கிறதா என்று பார்க்கும் நாலு வரி நிரலுக்குத் தொகுதி வரையெல்லை எதற்கு? 1997இல் நேவிகேட்டர் 4 வந்தது. அதிலிருந்த ஜாவாஸ்கிரிப்ட் 1.2, ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷனையும், பெயரில்லாமல் எழுதும் ஃபங்ஷனையும், அவற்றோடு க்ளோஷரையும் கொண்டுவந்தது. 1999 டிசம்பரில் வெளியான ஜாவாஸ்கிரிப்டின் தர ஆவணமான எக்மாஸ்கிரிப்டின் மூன்றாம் பதிப்பு அவற்றை எல்லாப் பிரவுசர்களுக்குமான தரமாக்கியது. ஸ்கீமின் க்ளோஷர் உள்ளே வந்துவிட்டது. அதற்குத் துணையாக ஸ்கீமில் இருந்த, சுற்றுக்கொரு புதிய மாறி என்ற ஏற்பாடு வரவில்லை. துணை இல்லாமல் வந்த க்ளோஷர்தான் நம் ஐந்து பொத்தான்களின் கதை.

இதை வேறு விதமாகவும் செய்திருக்கலாம் என்பதற்கு அதே 1997இல் உதாரணம் இருக்கிறது. அந்த ஆண்டு வந்த ஜாவா 1.1, வகுப்புக்குள் வகுப்பு எழுத அனுமதித்தது. உள்ளே இருப்பது வெளியே உள்ள மாறியைப் பயன்படுத்த வேண்டுமானால், அந்த மாறியை இனி மாறாதது என்று அறிவித்தாக வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் விதித்தது. பலர் அதை எரிச்சலூட்டும் கட்டுப்பாடாகவே பார்த்தார்கள். ஆனால் மாறாத ஒன்றைப் பிடித்து வைத்தால் கடைசி எண் என்ற பேச்சுக்கே இடமில்லை. கட்டுப்பாடு போட்ட ஜாவாவில் இந்த வழு பிறக்கவே இல்லை. ஜாவாவின் முகத்தை வாங்கிக்கொண்ட ஜாவாஸ்கிரிப்டில் பிறந்தது.

சில ஆண்டுகள் அது அடங்கியே கிடந்தது. 2004 ஏப்ரலில் ஜிமெயில் வந்தது. 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வந்தது. பக்கத்தைப் புதிதாக ஏற்றாமலேயே பின்னணியில் சர்வரோடு பேசும் முறைக்கு அதே மாதம் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கேரட் அஜாக்ஸ் என்று பெயர் சூட்டினார். பிறகு உலகமெங்கும் அதே முறையில் எழுதத் தொடங்கினார்கள். அஜாக்ஸ் நிரல் என்றாலே ‘பதில் வரும்போது இந்த ஃபங்ஷனை ஓட்டு’ என்று சொல்லிவைப்பதுதான். பத்துப் படங்களுக்குப் பத்துக் கோரிக்கைகளை லூப்பில் அனுப்புவார்கள். பத்துப் பதில்களும் கடைசிப் படத்தின் இடத்திலேயே வந்து விழும். நாலு வரி நிரலில் ஒளிந்திருந்த குறை, ஆயிரம் வரி நிரல்களில் அன்றாடத் தொல்லையானது.

மாற்று வழிகளைச் சமூகமே கண்டுபிடித்தது. மொழியில் ஃபங்ஷனுக்கு மட்டும்தான் தனி வரையெல்லை உண்டு. சரி, சுற்றுக்கொரு மாறி வேண்டுமென்றால் சுற்றுக்கொரு ஃபங்ஷனை உண்டாக்கி, அந்தக் கணமே அதை அழைத்து, மாறியின் மதிப்பை அதற்குள் செலுத்திவிட வேண்டியதுதான். உள்ளே போன மதிப்பு அந்த ஃபங்ஷனின் சொந்த மாறியாகிவிடும். பிறகு லூப் எங்கே ஓடினாலும் அதைத் தொடாது. ஃபங்ஷனைச் சுற்றி ஓர் அடைப்புக்குறி, அதை அழைக்க இன்னோர் அடைப்புக்குறி என்று பார்ப்பதற்கே மிரட்டும் வடிவம் அது. 2010 நவம்பரில் பென் ஆல்மன் அதற்கு ‘இஃபி’ என்று பெயர் வைத்தார். டக்ளஸ் கிராக்ஃபோர்டு 2008இல் எழுதிய ‘ஜாவாஸ்கிரிப்ட்: த குட் பார்ட்ஸ்’ நூலில் இந்த லூப்பை மோசமான உதாரணம் என்று முத்திரை குத்தியே காட்டினார். நிரலைச் சலித்துப் பார்க்கும் அவருடைய ஜேஎஸ்லிண்ட் கருவி, லூப்புக்குள் ஃபங்ஷன் எழுதாதே என்று எச்சரித்தது. 2006இல் வந்த ஜேக்வெரி என்ற நிரல் நூலகம், லூப்பையே எழுதவிடாமல் ‘ஈச்’ என்ற ஃபங்ஷனைக் கொடுத்தது. அதில் ஒவ்வொரு சுற்றும் ஒரு ஃபங்ஷன் அழைப்பு. எனவே ஒவ்வொரு சுற்றுக்கும் தனி மாறி தானாகவே கிடைத்தது. 2009 டிசம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பின் ‘ஃபார்ஈச்’ அதே வேலையை மொழிக்குள்ளேயே செய்தது.

இவற்றில் மிக விசித்திரமானது, புதிய ஜாவாஸ்கிரிப்டைப் பழைய பிரவுசர்களுக்கு ஏற்றபடி மாற்றித்தரும் கூகுளின் டிரேசர் கருவி கையாண்ட வழி. மூன்றாம் பதிப்பில், பிழையைப் பிடிக்கும் ‘கேட்ச்’ தொகுதியின் மாறி மட்டும் விதிவிலக்காக அந்தத் தொகுதிக்குள்ளேயே அடங்கும். டிரேசர் இதைப் பிடித்துக்கொண்டது. ஒரு பிழையை வேண்டுமென்றே எறிந்து, அதைக் ‘கேட்ச்’ செய்து, அந்த மாறியைத் தொகுதி மாறியாகப் பயன்படுத்தியது. ஒரு சாதாரண மாறிக்காக நடக்காத விபத்தை நடந்ததாகக் காட்ட வேண்டிய நிலை. மொழி தராததைப் பெற எத்தனை அறிவாற்றல் செலவானது என்று நினைத்தால் வருத்தமாகவே இருக்கிறது.

மாற்று வழிகளுக்கும் விலை இருந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6இல், பக்கத்தின் உறுப்புகளுக்கும் ஜாவாஸ்கிரிப்ட் பொருள்களுக்கும் தனித்தனி நினைவக நிர்வாகம். க்ளோஷர் உறுப்பைப் பிடித்திருக்கும், உறுப்பு க்ளோஷரைப் பிடித்திருக்கும். இரண்டில் எதையும் விடுவிக்க முடியாமல் நினைவகம் கசிந்துகொண்டே போகும். லூப்பில் நூறு க்ளோஷர் மாட்டினால் நூறு கசிவு. அந்நாளில் க்ளோஷரைக் கண்டாலே பலர் பயந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, மொழி எப்படித் திருந்தியது என்பதற்கு வருவோம். நேரடி வழி ஒன்று இருந்தது. ‘வார்’ இனிமேல் தொகுதிக்குள் மட்டுமே செல்லும் என்று விதியை மாற்றிவிடலாம். அது முடியாது. லூப் முடிந்த பிறகும் அந்த மாறி உயிரோடு இருக்கும் என்று நம்பி எழுதிய பக்கங்கள் உலகில் ஏராளம். அவற்றை எழுதியவர்கள் எங்கே இருக்கிறார்களோ, யாரும் திருத்தப் போவதில்லை. பிரவுசர் புதிதாக வந்ததும் அவையெல்லாம் ஒரே நாளில் உடையும். வலையை உடைக்காதே என்பது மொழியின் தர ஆவணத்தை எழுதும் குழுவின் முதல் விதி. எனவே ‘வார்’ அப்படியே இருக்க, பக்கத்தில் புதிய சொல் ஒன்று வேண்டும். அதுதான் ‘லெட்’.

‘லெட்’ முதலில் 2006 அக்டோபரில் ஃபயர்ஃபாக்ஸ் 2இல் வந்தது. பக்கத்தில் மொழியின் பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டால் மட்டுமே வேலை செய்தது. லூப்பில் ‘லெட்’ போட்ட மாறி லூப்புக்கு வெளியே போகாது. ஆனால் லூப்பின் எல்லாச் சுற்றுக்கும் அதே ஒரு மாறிதான். அதாவது ஐந்து பொத்தான்களும் 5தான் காட்டும். வரையெல்லையைச் சுருக்குவது ஒரு வேலை, சுற்றுக்கொரு புதிய மாறி தருவது வேறொரு வேலை என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் கட்டத்தைத் தவிர்க்க முடியாது. இன்றைக்கும் பல பாடங்கள், ‘லெட்’டுக்குத் தொகுதி வரையெல்லை உண்டு, அதனால் சரியாகிறது என்று சொல்லி முடித்துவிடுகின்றன. அது பாதி விளக்கம்தான். தொகுதி வரையெல்லை மட்டும் இந்த நோயைத் தீர்க்காது.

இதற்கிடையில் எக்மாஸ்கிரிப்டின் நான்காம் பதிப்பு கருத்து மோதல்களில் சிக்கி 2008இல் கைவிடப்பட்டது. சண்டையிட்ட தரப்புகள் சமாதானமாகி ‘ஹார்மனி’ என்ற பெயரில் மீண்டும் தொடங்கின. அந்த விவாதங்களில் லூப் மாறி கடினமான கேள்வியாக நின்றது. ‘ஃபார்ஈச்’ போன்றவற்றில் சுற்றுக்கொரு மாறி என்பது இயல்பாகவே பொருந்தும். சி மொழியிலிருந்து வந்த மூன்று பகுதி லூப்பில் அப்படி இல்லை. அதில் ஒன்றைக் கூட்டு என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் மாறி புதிதென்றால், கூட்டப்படுவது எது? முந்தைய சுற்றில் பிறந்த ஃபங்ஷன் பிடித்திருக்கும் மாறியைக் கூட்டினால் பழைய கதைதான்.

குழு கண்ட தீர்வு அழகானது. ஒரு சுற்று முடிந்ததும் மொழி புதிய மாறி ஒன்றை உண்டாக்குகிறது. பழைய மாறியின் மதிப்பை அதில் நகலெடுக்கிறது. பிறகு ஒன்றைக் கூட்டுவது அந்தப் புதிய மாறியில். பழைய மாறியை யாரும் தொடுவதில்லை. அதைப் பிடித்திருக்கும் ஃபங்ஷனிடம் அது அப்படியே தங்கிவிடுகிறது. சுற்றின் நடுவே நிரலாளர் மாறியின் மதிப்பைக் கையால் மாற்றினாலும், அந்த மாற்றம் நகலோடு அடுத்த சுற்றுக்குப் போய்விடும். ஆகையால் சி, ஜாவா பழக்கத்தில் எழுதிய லூப்பின் நடத்தையில் வேறுபாடே தெரியாது. க்ளோஷர் இல்லாத இடத்தில் பிரவுசர் நகலெடுக்காமலேயே ஓட்டிக்கொள்ளலாம், வேகமும் குறையாது. 2013இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11, இந்த விதி சேர்வதற்கு முந்தைய வரைவை வைத்து ‘லெட்’டைச் செயல்படுத்திவிட்டது. அந்தப் பிரவுசரின் ஆயுள் முழுக்க அதில் ‘லெட்’ போட்ட லூப்பும் கடைசி எண்ணையே காட்டியது.

2015 ஜூனில் ஆறாம் பதிப்பு வெளியானது. ‘லெட்’டோடு, மறுபடி மதிப்பு கொடுக்க முடியாத ‘கான்ஸ்ட்’டும் வந்தது. பக்கத்தில் பதிப்பு எண் எழுத வேண்டும் என்ற ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கிய மொசில்லாவின் பழைய ஏற்பாடு தரத்தில் இடம்பெறவில்லை. எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே ஜாவாஸ்கிரிப்ட் என்ற கொள்கையே வென்றது. அதை வலியுறுத்தியவர்களில் மொசில்லாவின் டேவிட் ஹெர்மன் முக்கியமானவர். புதிய பிரவுசர் எல்லோர் கைக்கும் போகாத இடைக்காலத்தை பேபல் போன்ற கருவிகள் நிரப்பின. க்ளோஷர் பிடித்த லூப்பைக் கண்டால், பேபல் லூப்பின் உடலையே ஒரு ஃபங்ஷனாக்கி ஒவ்வொரு சுற்றிலும் அழைக்கும்படி மாற்றி எழுதும். ஒரு தலைமுறை கையால் எழுதிச் சலித்த அதே உபாயத்தை இப்போது இயந்திரம் எழுதியது.

கதை ஜாவாஸ்கிரிப்டோடு முடியவில்லை. மைக்ரோசாஃப்டின் சி ஷார்ப் மொழியிலும் ‘ஃபார்ஈச்’ லூப்பில் இதே குறை இருந்தது. அதன் வடிவமைப்புக் குழுவைச் சேர்ந்த எரிக் லிப்பர்ட் 2009இல் அதை விரிவாக அலசி எழுதினார். 2012இல் வந்த சி ஷார்ப் 5இல், பழைய நிரல் சில உடைந்தாலும் பரவாயில்லை என்று விதியையே மாற்றினார்கள். பொதுவாக அத்தகைய மாற்றத்துக்கு அஞ்சும் நிறுவனம் அது. பழைய நடத்தையை வேண்டுமென்று நம்பி எழுதியவர்களைவிட, அதில் ஏமாந்தவர்களே மிகுதி என்ற மதிப்பீடுதான் அந்தத் துணிவைத் தந்தது.

கூகுளின் கோ மொழிக்கு அந்தத் துணிவு வர ஒரு பெரிய விபத்து முன்னால் நடந்தது. வலைத்தளங்களுக்கு இலவசமாகப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் மென்பொருள் கோ மொழியில் எழுதப்பட்டது. சான்றிதழ் தருவதற்கு முன், ஒவ்வொரு டொமைன் பெயரின் உரிமையாளரும் தங்களுக்கு அனுமதி தந்திருக்கிறாரா என்று அது சரிபார்க்க வேண்டும். ஒரே விண்ணப்பத்தில் பத்துப் பெயர்கள் இருந்து, அவற்றை மறுபடி சரிபார்க்க வேண்டி வந்தால், பத்தையும் பார்ப்பதற்குப் பதில் ஒரே பெயரைப் பத்து முறை பார்த்தது. லூப் மாறியின் முகவரியைப் பிடித்து வைத்ததுதான் காரணம். க்ளோஷர் இல்லை, ஆனால் எல்லாச் சுற்றுக்கும் ஒரே மாறி என்ற அதே வேர். 2020 பிப்ரவரி 29 அன்று இது தெரியவந்தபோது, பாதிக்கப்பட்ட சான்றிதழ்கள் 30 லட்சத்துக்கும் மேல். அவற்றைத் திரும்பப் பெறுவதாக அந்த அமைப்பு அறிவித்தது. பிறகு, தளங்கள் முடங்கிவிடும் என்பதால் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைக் கெடுவுக்குள் ரத்துசெய்யாமல் விட்டது. அந்த நிரலை எழுதியவர்கள் தேர்ந்த பொறியாளர்கள். அதைச் சரிபார்த்தவர்களும் அப்படித்தான்.

2024 பிப்ரவரியில் வெளியான கோ 1.22இல் லூப் மாறி சுற்றுக்கொன்றாகியது. கோ நிரல் ஒவ்வொன்றும், தான் எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டது என்று ஒரு கோப்பில் குறித்து வைத்திருக்கும். பழைய எண் இருந்தால் பழைய விதி, புதிய எண் இருந்தால் புதிய விதி. எனவே அவர்களால் அதே சொல்லை வைத்துக்கொண்டு அதன் பொருளைத் திருத்த முடிந்தது. எந்தக் காலத்தில் யார் எழுதினார்கள் என்ற குறிப்பே இல்லாத கோடிக்கணக்கான பக்கங்களை இன்றும் ஓட்டியாக வேண்டிய ஜாவாஸ்கிரிப்டுக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் ‘வார்’ இருக்கிறது, இனியும் இருக்கும்.

பழைய நிரலைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘வார்’ கண்ட இடமெல்லாம் ‘லெட்’ என்று ஒரே மூச்சில் மாற்றிவிடாதீர்கள். லூப் முடிந்த பிறகு அந்த மாறியை எங்கேனும் படிக்கிறார்களா, அறிவிப்புக்கு முன்பே அதைத் தொடுகிறார்களா என்று ஒவ்வோர் இடத்திலும் பாருங்கள். அங்கெல்லாம் ‘லெட்’ பிழை எறியும். கற்பிக்கும் ஆசிரியர்கள் ‘லெட்’, ‘கான்ஸ்ட்’ இரண்டையும் முதலில் சொல்லிக்கொடுங்கள். ‘வார்’ பழைய நிரலைப் படிப்பதற்காகப் பிறகு வரட்டும். அடுத்த பகுதியில், அஜாக்ஸ் காலத்தில் ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷனாக ஆழமாகிக்கொண்டே போன அழைப்புகளைப் பிராமிஸ் எப்படி நேராக்கியது என்று பார்ப்போம்.